காப்புக் கட்டாத ஆறு நாள்

இவ்விடயம் தொடங்குவதற்கு முன்னர் என் நிலை யாதாயிருந்தது என்பதை முதலில் பதிவு செய்வது முறை. கொழும்பில் ஒரு தமிழ்க் கல்லூரியில் முப்பத்தோர் ஆண்டுகள் கற்பித்து, அவற்றுள் இறுதி ஒன்பது ஆண்டுகள் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொதுப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும் குழுக்களிலும் பணியாற்றினேன். நான் இட்ட புள்ளி மீள்பரிசீலனையில் மாறியதில்லை. ஓய்வின் பின்னர், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு அண்மையிலுள்ள முருகன் கோயிலின் பரிபாலன சபைச் செயலாளரானேன். ஆண்டுதோறும் கந்தசஷ்டி விரதகாரரின் பெயர்ப் பட்டியலை எழுதுவது என் பொறுப்பு. முதல் நாள் கோயிலில் காப்புக் கட்டி, ஆறு நாளும் நோற்று, ஏழாம் நாள் காலை விரதம் முடித்து உண்ணும் பாறணையின்போது காப்பை அவிழ்ப்பவரின் பெயர் மாத்திரமே அதில் இடம்பெறும். ஒருமுறை சபைத் தலைவரின் மைத்துனருடைய பெயரை எழுத மறுத்தேன். அவர் இரண்டாம் நாள் காப்புக் கட்டியவர். அந்தப் பட்டியலில் பிழை உண்டென்று கடந்த ஐப்பசி வரை எவரும் சொன்னதில்லை.

எங்கள் ஒரே மகளுக்கு அப்போது இருபத்தேழு வயது. கொள்ளுப்பிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறாள். ஒரு நாள் காலை, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லும் குரலில் எனக்கு அறிவித்தாள்.

"அப்பா, வாற புதன்கிழமை பல்லுக்குக் கம்பி போடப் போறன். நுகேகொடையில."

இருபத்தேழு வயதில் எதற்குக் கம்பி என்றேன். அது பள்ளிப் பிள்ளைகள் அணிவது. என்னிடம் ஏன் முன்கூட்டியே கேட்கவில்லை என்றும் வினவினேன்.

"பதினாலு வயசில கேட்டனான். இப்ப கேக்கேல்லை, சொல்லுறன்."

அவள் குறிப்பிட்டது உண்மை. பாடசாலைப் பல் வைத்தியர் அக்காலத்தில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். முன்பற்கள் முன்தள்ளி நிற்கின்றன, இவ்வயதிலேயே சீர்செய்வது நல்லது என்பது அதன் சாரம். சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தன. பல் பரீட்சை எழுதுவதில்லை என்று சொல்லிக் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். அந்த வாசகத்தை நான் மறந்துவிட்டிருந்தேன்; அவள் மறக்கவில்லை. முந்திய மாதம் நான்கு பற்கள் பிடுங்கப்பட்டதும் இதற்காகவே என்பது அன்றுதான் தெரிய வந்தது. அவை ஞானப்பற்கள் என்று என் மனைவி எனக்குச் சொல்லியிருந்தார். சொந்த வீட்டில் எனக்குத் தவறான தகவல் வழங்கப்பட்டிருந்தது.

நடக்கப்போவதைத் தடுக்க இயலாதென்று கண்டதும், ஓர் அறிவுறுத்தல் மட்டும் கொடுத்தேன். இதை வெளியில் கதைக்கத் தேவையில்லை. அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பெண்ணின் பற்களில் குறையிருந்ததென்று நாமே போய்ப் பறைசாற்றுவது எனக்கு உசிதமாகப் படவில்லை. பின்னர் நடந்த அனைத்துக்கும் இந்த அறிவுறுத்தலே வித்து என்று என் மனைவி கருதுகிறார். அதை நான் முற்றாக மறுக்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் தாயும் மகளும் நுகேகொடையிலிருந்து ஓட்டோவில் வந்திறங்கினர். மேலும் கீழுமாக இரண்டு வரிசைக்கும் கம்பி பொருத்தப்பட்டிருந்தது. அவளால் உதடுகளை ஒழுங்காக மூட முடியவில்லை; மூடினால் திறக்க முடியவில்லை. வாய்க்குள் நாவற்பழத்தை அடக்கியவள்போல் பேசினாள். இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு இருந்தது. இரண்டு வாய் உண்டபின் எழுந்து குளியலறைக்குச் சென்றவள் முக்கால் மணித்தியாலம் வெளியே வரவில்லை. தேங்காய்ப்பூ கம்பிக்குள் சிக்கிவிட்டதாம். அதைத் தோண்டி எடுப்பதற்கென்று போத்தல் கழுவும் தூரிகையைச் சிறுபிள்ளைக்குச் செய்ததுபோல் ஒரு சின்னஞ்சிறு தூரிகை கொடுத்திருந்தார்கள். அதன் பிறகு எங்கள் குளியலறை எனக்குக் கிடைத்த நேரங்கள் அரிது.

வைத்தியர் கொடுத்த தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். முறுக்கு, கச்சான் கடலை, பழுக்காத மாங்காய், எலும்பு, கடித்துத் தின்னும் எதுவும் விலக்கு. தீபாவளிக்குச் செய்த முறுக்கு ஒரு தகரம் நிறைய இருந்தது. நான் ஒன்றை எடுத்துக் கடித்ததும் அவள் முகத்தைச் சுளித்தாள். அந்தச் சத்தமே பல்லுக்குள் நோகிறது என்று தாளில் எழுதிக் காட்டினாள். என் வீட்டு முறுக்கை நான் பல்கனியில் நின்று உண்டேன்.

கம்பியின் முனை கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்ததால், அதன்மேல் ஒட்டும் ஒருவகை மெழுகு தேவைப்பட்டது. அதை வாங்க நான் அனுப்பப்பட்டேன். பிரதான தெருவான காலி வீதியில் இரண்டு மருந்துக் கடைகளில் எனக்குப் பற்பசையை எடுத்துக் காட்டினர். பாமன்கடைப் பகுதியில் மூன்றாவது கடையிலிருந்த பெண்மணிக்குப் பொருள் விளங்கியது. விளங்கியதும் என் வாயையே உற்று நோக்கினார்.

"அங்கிள்டத?"

உங்களுக்கா என்பதே கேள்வி. இல்லை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் திருத்தமாகச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் கந்தசஷ்டி தொடங்கிற்று. என் மனைவி காப்புக் கட்டிப் பாலும் பழமும் மட்டும் உண்ணும் விரதத்தை மேற்கொண்டார். நானும் காப்புக் கட்டி, நாளுக்கு ஒருபொழுது உண்பவனாக இருந்தேன். மகள் கோயிலுக்கே வரவில்லை. விரதம் என்பது அவளுக்கு எக்காலத்திலும் ஏற்புடைய விடயம் அன்று. அலுவலகத்தில் ஒரு வாரம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி பெற்றிருந்தாள். பாலும் சவ்வரிசிக் கஞ்சியும் சொதியில் கரைத்த இடியப்பமுமே அவளுடைய ஆகாரம். நோவின் காரணமாகத் தலையசைப்பினாலும் கையசைப்பினாலும் மட்டுமே எங்களுடன் கதைத்தாள்.

இரண்டாம் நாள் பின்னேரம் எங்கள் மேல்வீட்டு அம்மையார் வந்தார். கோயில் மாதர் குழுவின் தலைவி அவர். சூரன்போருக்குப் பூ ஒழுங்கு செய்வதுபற்றி என் மனைவியுடன் பேச வந்தவர். மனைவி சாமியறையில் இருந்தார். சமையலறையில் மகள் ஒரு குவளைப் பாலை உறிஞ்சுகுழாயால் மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டிருந்தாள். வாயின்மேல் கைக்குட்டை.

"பிள்ளையும் விரதமோ?" என்றார் அம்மையார்.

அவள் வாயைக் காட்டிக் கையை அசைத்தாள். கதைக்க முடியவில்லை என்பது அவள் கருத்து. அம்மையார் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு, கைகூப்பிவிட்டுச் சத்தமின்றிப் போனார். நான் முன்னறையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். கேள்வி எனக்குக் கேட்டது. என்னிடம் கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்வது என் கடமையன்று என அப்போது எண்ணினேன்.

மூன்றாம் நாள் மாலைப் பூசைக்கு முன்னர், கோயில் மண்டபத்தில் சபைத் தலைவரும் நானும் இன்னும் நால்வரும் நின்றபோது அம்மையார் வந்தார்.

"சேர், நீங்கள் வாயே திறக்கேல்லை பாத்தியளே. உங்கட மகள் வெறும் பாலோட இருக்கிறா. அதோட மௌன விரதமும். என்ர பேத்தி ரெண்டாம் நாளே பிட்சா கேட்டவள்."

தலைவர் திரும்பி என்னை நோக்கிக் கைகூப்பினார். இருபத்தேழு ஆண்டுகளில் என் மகளின் பெயரால் எனக்குக் கிடைத்த முதல் கும்பிடு அது. அவள் கோயிலுக்கு வருவதில்லை, தேவாரம் தெரியாது, வேலை வேலை என்று திரிகிறாள் என்று அதே மண்டபத்தில் நான் கேட்டதுண்டு. ஒரு திருத்தம் சொல்ல வாயெடுத்தேன். மணி அடித்துப் பூசை தொடங்கிற்று. பூசை முடிந்தபின் சொல்லியிருக்கலாம். அவர்கள் ஐவரும் கால் மணித்தியாலத்துக்கு மேல் அங்கேயே நின்றார்கள். நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால், மகள் பல்கனியில் இருந்தாள். கீழ்வீட்டில் வசிக்கும் முஸ்லிம் அம்மையார் ஒரு பாத்திரம் நிறைய வட்டிலப்பம் கொண்டுவந்து அப்போதுதான் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகனுக்கும் முன்னர் கம்பி போட்டிருந்தார்களாம். ஓட்டோவிலிருந்து இறங்கியபோதே கண்டுகொண்டாராம். வட்டிலப்பம் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மாத்திரமன்று. அது முட்டை இல்லாமல் ஆவதில்லை.

"மகளுக்கு நோன்பு இல்லதானே? இதுல முட்ட இருக்கு. அதான் கேட்டுட்டுக் குடுக்கிறன்" என்றார் அவர். "மெல்லத் தேவையில்ல. நாக்குல வச்சாப் போதும்."

அந்தத் தொடர்மாடி முழுவதிலும் அந்தக் கேள்வியைக் கேட்டு விடைக்காகக் காத்திருந்தவர் அவர் ஒருவரே. மகள் இல்லையென்று தலையசைத்து, மூன்று நாளுக்குப் பின் முதல்முறையாக வயிறார உண்டாள். கந்தசஷ்டிக் காலத்தில் வீட்டுக்குள் முட்டையா என்று மனைவி கலங்கியதனால்தான் பல்கனி.

கீழ்வீட்டு அம்மையார் போனபின் கோயிலில் நடந்ததைச் சொன்னேன். நகைச்சுவையாக எடுத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அதுதான் கேக்கிறன். ஏன் சொல்லேல்லை?"

பூசை தொடங்கிவிட்டது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை, பார்த்தெழுதிய மாணவன் சொல்லும் காரணத்தைக் கேட்கையில் நான் பார்த்திருக்கக்கூடிய பார்வை. நோகும் வாயால், ஒவ்வொரு சொல்லாக, "நாளைக்குச் சொல்லிப்போடுங்கோ. நான் இருக்காத விரதத்துக்கு எனக்குக் கும்பிடு வேண்டாம்" என்றாள். பின்னர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

நாளைக்குச் சொல்வதே என் எண்ணமும். ஆனால் நான்காம் நாள் காலை கொட்டாஞ்சேனையிலிருந்து என் தமக்கை தொலைபேசியில் அழைத்தார். செய்தி வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போக ஓர் இரவு போதுமாயிருந்தது. அம்மா இருந்திருந்தால் இதைக் கேட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா என்று சொல்லி அழுதார். அழுகிறவரிடம் வட்டிலப்பத்தைப்பற்றிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஐந்தாம் நாள் பூக்கடைக்காரர் மகளுக்கென்று ஒரு முழம் மல்லிகையைத் தனியாகச் சுற்றித் தந்தார். ஒவ்வொரு நாளும் திருத்தவேண்டிய ஆட்களின் தொகை கூடிக்கொண்டே போயிற்று. ஒருவரிடம் சொல்லி முடித்திருக்கக்கூடியதை இனி ஊருக்கே சொல்லவேண்டும் என்ற நிலையை நானே உண்டாக்கிவிட்டேன் என்பது எனக்கு எரிச்சலூட்டிற்று. அவளுடைய பற்கள், அவளுடைய கம்பி. திருடனைப்போல் குறுக்கு ஒழுங்கைக்குள் தலைகுனிந்து நடப்பவன் நான்.

ஆறாம் நாள் சூரன்போர். வீதியில் சனம் நெருக்கியடித்து நின்றது. சூரன் ஒவ்வொரு தலையாக மாற்றிக்கொண்டிருந்தபோது தலைவர் என் காதருகே குனிந்தார். பாறணையன்று முதல் இலையில் மகளை இருத்தத் தீர்மானித்திருப்பதாகச் சொன்னார். எங்கள் கோயிலில் அது ஒரு வழக்கம். அவ்வாண்டு கடுமையாக நோற்ற ஒருவரை முதல் இலையில் இருத்துவார்கள். அவர் முதற்கவளம் வாயில் வைக்கும்வரை வேறெவரும் சோற்றைத் தொடுவதில்லை.

"பட்டியலில் அவளின்ர பேர் இல்லை" என்றேன்.

"உங்கட தன்னடக்கம் எங்களுக்குத் தெரியும், சேர்" என்று தோளைத் தட்டினார்.

உண்மையைச் சொல்லியும் அது தன்னடக்கமாகக் கணக்கிடப்பட்டது. அதற்குமேல் விளக்கவேண்டியதை நான் விளக்கவில்லை. பறை முழங்கிக்கொண்டிருந்தது என்பதைக் காரணமாகச் சொல்லமாட்டேன். மகள் கோயிலுக்கு வரமாட்டாள், ஆகவே விடயம் தானாக அடங்கிவிடும் என்று கணித்தேன்.

வந்தாள். ஆறு நாள் பாலும் பழமுமாக இருந்த தாய்க்குக் காலையில் தலைசுற்றியதால், அவரைக் கையில் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். தாயை இருத்திவிட்டுத் திரும்பிப் போக முனைந்தவளை மேல்வீட்டு அம்மையார் பற்றிக்கொண்டார். நான் ஒலிவாங்கியருகே பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் எதையோ சொல்ல முயல்வது தெரிந்தது. அம்மையார் தம் உதட்டில் விரலை வைத்தார்.

"கதைக்காதேங்கோ பிள்ளை. காப்பு அவிழ்க்க முந்தி மௌனத்தை முறிக்கக் கூடாது."

மணிக்கட்டில் காப்பு இல்லாததை ஒருவர் கவனித்தார். அலுவலகத்துக்காகக் கழற்றி வைத்திருப்பாள் என்று இன்னொருவர் விடை சொன்னார். தலைவர் தாமே வந்து அவளை முதல் இலையில் இருத்தினார்.

நான் வாசித்து முடித்தேன். அவளுடைய பெயரை வாசிக்கவில்லை. அந்த வேளையில் இலையில் சோறும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் மோர்மிளகாயும் அப்பளமும் வடையும் பரிமாறப்பட்டுவிட்டன. மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் தத்தம் இலைகளுக்கு முன்னால் அமர்ந்திருந்தார்கள். ஆறு நாள் பசித்தவர்கள். எல்லோரும் அவளுடைய கையையே பார்த்தார்கள். அவள் வடையைப் பார்த்தாள். அதன்பின் என்னைப் பார்த்தாள். கோபமான பார்வை என்று சொல்ல இயலாது. பதினான்கு வயதில் அந்தக் கடிதத்தை நீட்டிவிட்டு நின்ற முகம் அது. எனக்கு அது நன்றாகவே நினைவிருந்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

ஒலிவாங்கியை மீண்டும் எடுத்தேன்.

"ஒரு திருத்தம்" என்றேன். "முதல் இலையில் இருத்தப்பட்டுள்ள என் மகள் இவ்வாண்டு விரதம் நோற்கவில்லை. காப்பும் கட்டவில்லை. பல்வரிசையைச் சீர்செய்யக் கம்பி பொருத்தியிருப்பதால் அவளால் மெல்ல முடியவில்லை. நோவினால் பேசவும் முடியவில்லை. இது எனக்குத் தொடக்கத்திலேயே தெரியும். மூன்றாம் நாள் இம்மண்டபத்தில் பிழையாகச் சொல்லப்பட்டபோது நான் திருத்தவில்லை. அத்தவறு என்னுடையது, அவளுடையது அன்று."

பின்வரிசையில் யாரோ சிரித்தார், அடக்கப்பட்டார். மகள் எழுந்தாள். பாமன்கடையிலிருந்து ஆண்டுதோறும் வரும் ஒரு மூதாட்டி அந்த வரிசையின் இறுதியில் இருந்தார். ஆறு நாளும் தண்ணீரும் இளநீரும் மட்டுமே அருந்துபவர். பட்டியலில் அவர் பெயர் ஒருமுறையும் தவறியதில்லை. ஒருவரும் அவரை முதல் இலைக்கு அழைத்ததுமில்லை. மகள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து தன் இலையில் இருத்தினாள். மூதாட்டி அவளுடைய வாயை நிமிர்ந்து பார்த்து, "நோகுதோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"முதல் மூண்டு நாளும்தான் சரியான நோ, அம்மா. இப்பப் பரவாயில்லை" என்று மகள் சொன்னாள், சொல்லிச் சிரித்தாள். கையால் மறைக்கவில்லை. மண்டபத்து விளக்கில் கம்பி முழுவதும் தெரிந்தது. மூதாட்டி முதற்கவளத்தை எடுத்தார். மண்டபம் உண்ணத் தொடங்கிற்று. மகளுக்குப் பாயாசம் மட்டும் ஒரு குவளையில் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது, கடற்காற்றில் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "மூண்டாம் நாளே சொல்லியிருந்தா ஒரு வசனத்தில முடிஞ்சிருக்கும், அப்பா" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அதன் பின்னர் பல மாதங்கள் சென்றுவிட்டன. கம்பி இன்னும் ஓர் ஆண்டாவது இருக்குமாம். மாதம் ஒருமுறை இறுக்குவதற்குப் போகும்போது, மனைவிக்கு முழங்கால் நோவு என்பதால், நான் கூடச் செல்கிறேன். ஒவ்வொரு முறையும் கம்பியைச் சுற்றியுள்ள சின்ன இறப்பர் வளையங்களுக்கு ஒரு நிறம் தெரிவு செய்கிறாள். சென்ற மாதம் ஊதா. இது ஒரு வைத்தியமா, விழாச் சோடனையா என்று கேட்டேன். இறுக்கிய நாளிலிருந்து மூன்று நாள் கஞ்சி. அப்பிளை நறுக்கித் தட்டில் வைப்பது இப்போது என் வேலையாகிவிட்டது. துண்டுகள் பெரிதென்று தினமும் குறை கேட்கிறேன். முதல் தடவை நான் போனபோது வைத்தியர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, இந்த வரிசை யாரிடமிருந்து வந்தது என்பது விளங்குகிறது என்றார். நாற்பது ஆண்டுகளாக நான் மீசை வைத்திருக்கிறேன். அதற்கு நான் எவருக்கும் காரணம் சொன்னதில்லை.

சபைச் செயலாளர் பதவியிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தேன்; சபை ஏற்கவில்லை. பட்டியலை இன்றும் நானே எழுதுகிறேன்.

மேல்வீட்டு அம்மையார், என் மகள் மூன்று நாள் கடுமையாக விரதமிருந்து, நான்காம் நாள் வட்டிலப்பம் உண்டு அதை முறித்தாள் என்று இப்போது சொல்லி வருகிறார். இது பிழை. அவள் விரதம் தொடங்கவில்லை. வட்டிலப்பம் உண்டது நான்காம் நாள் அன்று. மூன்றாம் நாள் மாலை உண்டாள். மீதியை ஐந்தாம் நாள் காலை உண்டாள்.